கேசட்டைப் பாவு போட்டு என் காதைக் காத்த பச்சையம்மன்

கல்யாணமாகி ஒன்பதாம் நாள் புருஷன் வீட்டை விட்டு ஓடினவள் நான். அவர் கை ஓங்கவில்லை, மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தம் தாங்காமல்தான் ஓடினேன். பச்சையம்மன் அடியார்களே, சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். நானே சிரித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

எனக்குச் சொந்த ஊர் போளூர். சின்ன வயதிலிருந்தே என் காது ஒரு மாதிரி. தட்டு விழுந்தால் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், நான் அழுவேன். நாலு பேர் சேர்ந்து பேசினால் யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்துத் தெரியாது. இப்படிப்பட்ட என்னை, எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆவணி மாதம், வீட்டுக்குள்ளேயே நான்கு தறி ஓடுகிற ஆரணிக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குக் குடி உண்டா, சீட்டாட்டம் உண்டா என்று தெருத்தெருவாக விசாரித்த என் அப்பா, தறி சத்தம் போடும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கும். குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா இந்தப் பக்கம் ஓடும், அந்தப் பக்கம் ஓடும், பலகை வந்து மோதும். ஒவ்வொரு அடியும் என் மண்டைக்குள் விழும். கழிவுப் பட்டு நூலை உருண்டையாக உருட்டிக் காதில் அடைத்துக்கொண்டேன். அதனால் மாமியார் கூப்பிட்டது காதில் விழவில்லை. அவர் பக்கத்தில் வந்து கத்தினார். நான் கையிலிருந்த குழம்புச் சட்டியைப் போட்டேன். சட்டி உடைந்த சத்தத்தில் அடுப்பங்கரையை விட்டே ஓடினேன். மூன்று முறை போளூர் பஸ் ஏறியிருக்கிறேன். மூன்று முறையும் என் கணவர் ஏகாம்பரம் வந்து, ஏன் என்று கேட்காமல் கூட்டிக்கொண்டு போனார்.

மூன்றாம் முறை மாமனார் பொறுமை இழந்துவிட்டார்.

"நெசவு வூட்ல தறி ஓடாம இன்னா ஓடும்? ஆடிக்கு உங்கப்பா அழைக்க வருவாரு இல்ல, போயிடும்மா. அப்பறம் வராத. உனக்கும் பேஜாரு, எங்களுக்கும் பேஜாரு."

புதுப் பெண்ணை ஆடியில் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். மற்றப் பெண்கள் அதற்கு நாள் எண்ணுவார்கள். எனக்கு அதுவே கெடுவாகிவிட்டது. அந்த மனுஷன் மேல் எனக்கு அவ்வளவு ஆசை என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அம்மனிடம் போனேன். கேட்கத் தெரியாமல் கேட்டேன். "தாயே, இந்தத் தறியெல்லாம் ஒரு பத்து நாள் நிக்கணும்" என்றேன். அது கார்த்திகை மாதம். மறுநாள் பிடித்த மழை விடவே இல்லை. தறியில் காலை விட்டு உட்கார ஒரு குழி இருக்கும். நான்கு குழியிலும் தண்ணீர் ஊறிவிட்டது. ஒரு தவளை வேறு வந்து உட்கார்ந்துகொண்டது. சரியாகப் பத்து நாள் தறி ஓடவில்லை. மாமனார் சொம்பால் தண்ணீரை இறைத்தபடி வானத்தைத் திட்டினார். முகூர்த்தப் புடவை பாதியில் நிற்கிறதே என்று மாமியார் அழுதார். நான் திருடியைப் போல மூலையில் உட்கார்ந்திருந்தேன். தவளை கத்தியது. அந்த மழைக்குக் காரணம் நான்தான் என்று இன்றைக்குத்தான் முதல்முறையாக ஒப்புக்கொள்கிறேன். மாமா மன்னிக்க வேண்டும்.

பதினோராம் நாள் நனைந்த புடவையோடு கோயிலுக்கு ஓடினேன். "தறிய வுட்டுடு தாயே. என் காதைப் பாரு" என்று வாய்விட்டு அழுதேன்.

அந்த வாரமே வழி பிறந்தது. என் கணவரின் நண்பர், அரிசிக் கடை நயினார், வேலூரில் ஒரு காது டாக்டரைப் பற்றிச் சொன்னார். போனோம். டாக்டர் என் காதிலிருந்து பட்டு உருண்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, "இத மொதல்ல நிறுத்தும்மா" என்றார். "காது நல்லாத்தான் இருக்கு. சத்தத்துக்குப் பயந்து போயிருக்கு. அடைக்க அடைக்க இன்னும் பயப்படும்."

அவர் மருந்து கொடுக்கவில்லை. வீணை வாசித்த கேசட் ஒன்று கொடுத்தார். தினமும் அரை மணி நேரம் ஹெட்போனில், மிக மெல்ல வைத்துக் கேட்க வேண்டும். காது பழகப் பழகச் சத்தத்தைத் துளித்துளியாகக் கூட்ட வேண்டும். "கண்டிப்பா சரியாவும்னு சொல்ல மாட்டேன். முயற்சி பண்ணுவோம்" என்றார்.

நயினார் தன் டேப் ரிக்கார்டரையும் ஹெட்போனையும் இரவல் கொடுத்தார். மாமியார் அதற்குக் குங்குமம் வைத்தார். ஆனால் எவ்வளவு மெல்ல வைத்தாலும், தந்தியை மீட்டும் ஒவ்வொரு தரமும் எனக்கு ஊசி குத்தியது. நான்கு நாள் பல்லைக் கடித்தேன். ஐந்தாம் நாள் காலை "என்னால முடியலங்க" என்று ஹெட்போனைக் கழற்றினேன். அந்த நேரம் பார்த்து மிஷின் ரிப்பனை இழுத்துத் தின்றுவிட்டது.

வேறு ஊராக இருந்தால் கேசட்டைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். எங்கள் தெருவில் தினமும் காலையில் தறிக்குப் போகும் நெடுக்கு இழைகளை, அதாவது பட்டுப் பாவை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சிக்கெடுப்பார்கள். மாமனார் கேசட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இன்னாடா ஏகாம்பரம், ஆயிரம் இழை பட்ட சிக்கெடுக்கறோம். இது ஒத்த இழை. பாவு போடு!"

போட்டார்கள். கவட்டைக் கொம்பு நட்டு, பழுப்பு ரிப்பனை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும், திரும்பி இங்கேயும் நீட்டினார்கள். ஆளுக்கொரு இடத்தில் பிடித்துக்கொண்டார்கள். அந்த வழியாக வந்த பெரணமல்லூர் மாட்டுவண்டியை நிறுத்தி வைத்தார்கள்.

"கஞ்சி போடலாமா?" என்று மாமனார் கேட்டார்.

"வேணாம்பா, பாட்டு ஒட்டிக்கும்" என்றார் என் கணவர்.

பிறகு மாமியார் ராட்டையில் சுற்றுகிற பதத்தில் அதைத் திரும்பச் சுற்றிக் கொடுத்தார். எல்லாம் சரிதான், தொடக்கத்திலேயே ஒரு திருகு விழுந்து ரிப்பன் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடியது.

பயந்துகொண்டே ஹெட்போனை மாட்டினேன். வீணை கம்பளிக்குள் உட்கார்ந்து வாசிப்பது போல மந்தமாக வந்தது. பாட்டு பின்னாலிருந்து முன்னால் நடந்தது. ஆனால் ஊசி இல்லை. ஒரு குத்துகூட இல்லை. அரை மணி முழுக்கக் கேட்டேன். "நல்லா கீதுங்க" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

அடுத்த முறை வேலூர் போனபோது திட்டு விழும் என்று நினைத்தோம். டாக்டர் கேட்டுப் பார்த்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "கூரான சத்தமெல்லாம் மழுங்கிப் போச்சு. உங்களுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சிருக்கணும், எனக்குத் தோணல. யாருய்யா செஞ்சது?" என்றார். என் கணவர் "தெருவே சேந்து செஞ்சுது சார்" என்றார். யார் செய்தது என்று எனக்குத் தெரியும்.

பங்குனியில் நல்ல கேசட்டுக்கு மாறினேன். சித்திரையில் பட்டு உருண்டையைக் குப்பையில் போட்டேன். ஆனியில் ஒரு நாள் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று மட்டும் தனியாக என் காதில் உரசியது.

"மாமா, உங்க நாடா எங்கியோ உரசிகினு போவுது, பாருங்க!"

நிறுத்திப் பார்த்தார். நாடாவின் முனை சிராய் பெயர்ந்திருந்தது. இன்னும் பத்து ஓட்டத்தில் கல்யாணப் புடவையின் இழையெல்லாம் அறுந்திருக்கும். அவர் வேறு நாடாவை மாற்றிப் போட்டார். இரண்டு நாள் என்னை ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடி பிறந்தது. அப்பா சீர்த் தட்டோடு வந்தார். மாமனார் வாசல்வரை வந்து, "சம்பந்தி, மாசம் முடிஞ்சதும் ஜல்தி அனுப்பிடுங்க. தறிக்கு காது வேணும்" என்றார். நான் பஸ் முழுக்க அழுதுகொண்டே போனேன்.

போளூர் வீட்டில் நான்காம் நாள் மத்தியானம் அம்மா கேட்டார்: "இன்னாடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துகினு கீற?"

"சத்தமே இல்லியேம்மா. ஒரு மாதிரியா கீது" என்றேன்.

அதற்கப்புறம் நான் ஒரு தடவைகூட ஓடவில்லை. இரண்டு பெண்கள் பிறந்து, தறிச் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்தார்கள். இதையெல்லாம் அம்மன் செய்தாள் என்று நம்புகிறேன். டாக்டரை அனுப்பியவளும் அவள், ரிப்பனைத் திருகிவிட்டவளும் அவள். உங்களுக்கும் ஒரு கஷ்டம் இருந்தால், அது பிறர் சிரிக்கிற கஷ்டமாக இருந்தாலும், வெட்கப்படாமல் அவளிடம் சொல்லுங்கள். வைத்தியரையும் பாருங்கள். திருவிழாவில் பம்பையும் உடுக்கையும் வேட்டும் அதிர்கிற நேரத்தில், கூட்டத்தின் கடைசியில் நின்று மனசுக்குள் முனகினாலும் போதும். அத்தனை சத்தத்திலும் அவளுக்கு அது தனியாகக் கேட்கும்.