கூரைமேல் நின்ற கொத்தனார்

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் பழைய வரிசை வீட்டுக்கும் பக்கத்து வீட்டு ஆன்டிக்கும் பொதுவாக ஒரு செங்கல் புகைபோக்கி உண்டு. ஒரு மழையில் அதிலிருந்து கற்கள் பெயர்ந்து எங்கள் சமையலறைக் கூரையில் விழுந்தன. இடித்துவிடலாம் என்றார் ஆன்டி. பழுதுபார்க்கலாம் என்றேன் நான். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது.

அப்போதுதான் நான் கூப்பிட்ட கொத்தனார் வந்தார். தமிழ்நாட்டுக்காரர். ஒல்லி உடம்புக்குப் பொருந்தாத பெரிய மீசை. எதைச் சொல்லும் முன்பும் அதை ஒருமுறை நீவிக்கொள்வார். கூரையில் ஏறி இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றார்.

"அண்ணே, ஆன்டிக்குப் பிடிவாதம் ரொம்ப ஓவர்லா, சொல்லுங்க அவங்ககிட்ட!" என்றேன்.

மீசையை நீவியபடி ஆன்டி வீட்டுப் பக்கம் திரும்பினார். "ஆன்டி, நீங்க சொன்னா கேட்டுக்கிறேன்னு சார் சொல்றாரு."

"அவனுக்கு மூளையே இல்லன்னு சொல்லு!" ஆன்டியின் குரல் சுவரைத் தாண்டி வந்தது.

கொத்தனார் என் பக்கம் திரும்பினார். "ரிப்பேரே பண்ணிடலாம்னு ஆன்டி சொல்றாங்க சார்."

"எனக்குக் காது கேக்குதுண்ணே!"

சுவருக்கு அப்பால் ஆன்டி சிரித்துவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. மாலைக்குள் புகைபோக்கி நிமிர்ந்து நின்றது. ஆன்டி எங்கள் இருவருக்கும் உருளைக்கிழங்குக் கறி வைத்த கறிபாப் பொரித்துக் கொடுத்தார்.

"ஏண்ணே மாத்தி மாத்திச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு உயரம்னா பயம் சார். கீழே சண்டை போட்டா மேலே கால் நடுங்குது."

சிரிக்காமல்தான் சொன்னார். அது உண்மைதான் என்கிறார் ஆன்டி. கொத்தனாருக்கு உயரம் என்றால் பயமா என்கிறேன் நான். இப்போது எங்களுக்குள் இருப்பது அந்த ஒரு சண்டைதான்.