ரோமாபுரியில் மாட்டிக்கொண்டவர்கள்

பேசாத படத்துக்குப் பக்கத்தில் நின்று பேசுவதுதான் என் தொழில். தொண்டையை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு என் பாடு புரியும். தங்கச் சுரங்கங்கள் இருக்கிற தங்க வயலில், ராபர்ட்சன்பேட்டையில் பயாஸ்கோப் கூடாரம் போட்டு ரோமாபுரிப் படம் காட்டினோம். "சனங்க நல்லா கீதுன்னு சொன்னா எங்கூட வா. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று முதலாளி முன்பே சொல்லிவிட்டார்.

ராஜாவின் விருந்து

படம் பளிச்சென்று தெரிய நனைத்துக் கட்டிய திரை காற்றில் அசைந்தது; ரோமாபுரியே மூச்சு விடுவது போலிருந்தது. தங்கத் தட்டு, தங்கக் கிண்ணம் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். விருந்தாளிகள் சாப்பிட்டுவிட்டு வெளியே போனார்கள். தினமும் வாசலில் சோதனை கொடுத்துவிட்டே வீடு திரும்புகிற சுரங்கத் தொழிலாளி முனுசாமி, முன்வரிசையில் இருந்தபடி தலையை ஆட்டினார். "இம்மாந் தங்கம் கீது, வாசல்ல ஒருத்தரையும் சோதனை போடலியே. நம்பற மாதிரி இல்லீங்க."

நான் முதலாளி பக்கம் பார்க்காமல் அடுத்த காட்சிக்குத் தாவினேன்.

சுரங்கத்தில் ஜெபம்

ராஜாவுக்குப் பயந்த கிறிஸ்தவர்கள் விளக்கோடு சுரங்கத்துக்குள் இறங்கி, வாயசைத்துப் பாடினார்கள். கூடாரத்தில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த மேரியம்மா மெதுவாக ஒரு கீர்த்தனையை எடுத்தார். அவர் கணவருக்கு அன்று சுரங்கத்தில் ஷிஃப்ட். அந்த நேரத்தில் அவரும் பூமிக்கடியில்தான் இருந்தார். ஒவ்வொருவராகச் சேர்ந்து பாட, திரையில் இருந்தவர்களின் வாயும் அதற்கே அசைவது போல் இருந்தது. அதைக் கெடுக்கிற மாதிரி நான் குரலை உயர்த்தினேன். மேரியம்மா திரும்பிப் பார்த்தார். "கொஞ்சம் சும்மா இருங்கண்ணா, அவங்களும் கூடப் பாடறாங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை

கடைசியில் அரண்மனை இடிந்து, கிறிஸ்தவர்கள் உள்ளே இருந்த அந்தச் சுரங்கத்தின் மேல் விழுந்தது. படம் முடிந்தது என்றேன். ஒருவரும் அசையவில்லை. தங்க வயலில் பாறை சரிந்தால், உள்ளே மாட்டியவர்கள் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டில் மேலே வரும்வரை யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். முனுசாமி தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முதலாளி என்னை முறைத்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

வேறு வழி தெரியாமல் ஆபரேட்டரிடம் ஓடி, படம் காட்டும் கருவியின் பிடியைப் பின்பக்கமாகச் சுற்றச் சொன்னேன். புழுதி அடங்கியது. கற்கள் மிதந்து மேலே போய்த் தூண்களாக நின்றன. சுரங்கத்திலிருந்து விளக்கோடு, முதுகைக் காட்டியபடியே, ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். மேரியம்மா அழுதார். கடைசி ஆளும் வந்தபிறகு முனுசாமி தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு எழுந்தார். "எல்லாரும் மேல வந்துட்டாங்க. இப்ப சொல்றேங்க, படம் நல்லா கீது."

அதே முதலாளியோடுதான் இன்னும் சுற்றுகிறேன். மற்ற ஊர்களில் இடிந்து விழுகிற ரோமாபுரி, தங்க வயலுக்கு வந்தால் மட்டும் எழுந்து நின்ற பிறகுதான் எங்களைச் சாப்பிடப் போக விடுகிறது.