கடல் பக்கத்து அறை

என் மேசையில் நகத்தளவு வெப்ப உணரி ஒன்று கிடக்கிறது. உள்ளங்கையில் பொத்திக்கொண்டால் திரையில் எண் மெல்ல ஏறும். அப்போதெல்லாம், காரைக்கால் அலுவலகத்தில் என்னோடு வேலைபார்த்த கோட்டுச்சேரி அண்ணனின் முகம் வந்துவிடும். மின்சுற்றுப் பலகையில் பாகங்களைச் சாலிடர் வைத்துப் பொருத்துவது அவர் வேலை, அதில் ஓடும் மென்பொருள் என்னுடையது. எது நின்றுபோனாலும், "தப்பு ஒன் சைடுதான் தங்கச்சி" என்பார். நானும் அதையே திருப்பிச் சொல்வேன்.

எங்கள் முதல் கருவி திருமலைராயன்பட்டினத்து ஹாஜியார் ஒருவரின் மீன் கிடங்குக்குப் போனது. உறைகுளிர் அறை ஒன்று, பெட்டி கட்டும் அறை ஒன்று. அறைக்கொரு உணரி, இரண்டும் ஒரே கம்பியில். இந்த உணரிகள் பென் டிரைவைப்போல் தாமாக வந்து பெயர் சொல்வதில்லை. முகவரியிட்டு அழைத்தால்தான் வாய் திறக்கும். அதனால் எந்த முகவரியில் யார், எந்த அறை என்றெல்லாம் ஒரு கோப்பில் நாம் முன்பே எழுதிவைக்க வேண்டும். உறைகுளிர் அறை ரோட்டோரம் இருந்ததால் அதை முதல் அறை என்று எழுதினேன். உணரிகளிலும் ஒன்று, இரண்டு என்று ஒட்டி அனுப்பினோம். கிடங்கு ஆட்களே மாட்டிக்கொண்டார்கள்.

மாட்டிய அன்றே அலாரம் அலறியது. நாங்கள் போய் நின்றதும் ஹாஜியார், "மீனு கல்லு மாதிரி கெடக்கு, ஒங்க பெட்டி வெந்துபோச்சுங்குது. கழட்டி எடுத்துட்டுப் போயிருங்க" என்றார். கழற்றினால் எங்கள் சிறிய அலுவலகத்துக்கு அடுத்த வேலை கிடைக்காது.

கம்பி, மின்சாரம், முகவரி என்று வரிசையாகப் பார்த்தேன். எல்லாம் சரி. கடைசியில் அண்ணனைக் குளிர் அறைக்குள் போய் உணரியைக் கையால் பொத்தச் சொன்னேன். "நானும் மீனாயிருவேன் போல" என்று முனகிக்கொண்டே போனார்.

"ஏறுதா?"

"ரெண்டாவது ரூம்ல ஏறுதுண்ணே."

வாசலில் நின்ற ஹாஜியார், "அது ரெண்டாவது ரூம்தாம்மா. மீனு கடல்லேந்து வருதா, ரோட்டுலேந்தா?" என்றார்.

அவர்களுக்கு மீன் முதலில் வந்திறங்கும், கடல் பக்கத்துப் பெட்டி கட்டும் அறைதான் முதல் அறை; ஒன்று என்று ஒட்டிய உணரியை அங்கே மாட்டியிருந்தார்கள். ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. கோப்பில் எண்களை எடுத்துவிட்டு, ஒரு முகவரிக்குக் 'கடல் பக்கம்', மற்றதற்கு 'ரோட்டுப் பக்கம்' என்று எழுதி, குளிர் அளவை ரோட்டுப் பக்கத்துக்கு மாற்றிக் கருவியில் ஏற்றினேன். அலாரம் அடங்கியது.

"பாத்தியா, ஒன் சைடுதான்." கைகளைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார் அண்ணன்.

"பெட்டி இருக்கட்டும்," என்றார் ஹாஜியார். "மொதல்ல இந்தத் தம்பிக்கு டீ குடுங்க."

அண்ணி பிரெஞ்சு குடியுரிமைக்காரர். அந்த வழியில் அண்ணன் இப்போது பிரான்சில் குளிர்கிடங்குகளுக்குக் கருவி மாட்டுகிறார். போன வாரம் கூப்பிட்டார்.

"இங்க கடலே இல்ல தங்கச்சி. மொத ரூம எப்புடிக் கண்டுபுடிக்கிறது?"

"கைய வச்சுப் பாருங்கண்ணே."

"குளிருது. நீ வந்து வையி."

சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். மேசையில் கிடந்த உணரியை எடுத்துப் பொத்திக்கொண்டேன். எண் ஏறத் தொடங்கியது.