வெட்டாத மாப்பிள்ளை

மொரப்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பூபதி, பிறந்ததிலிருந்து யாரிடமும் ‘முடியாது’ என்று சொன்னதாகத் தகவல் இல்லை. ஒருமுறை வயதான அம்மா ஒருத்தியின் மூட்டையை ரயிலில் ஏற்றிவிடப் போனான். அந்த அம்மா தன் மருமகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பாதிப் பேச்சில் இறங்கினால் மரியாதையாக இருக்காதே என்று நின்றான். வண்டி கிளம்பிவிட்டது. மருமகளின் அட்டூழியங்கள் முடிந்தபோது சேலம் வந்திருந்தது. அங்கேயும் மூட்டையை இறக்கிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பும் வண்டியைத் தேடினான்.

இப்படிப்பட்ட ஆளுக்கு அடுத்த தெருவில் ஓர் அக்கா இருப்பது நல்லதல்ல. பூபதிக்கு இருந்தாள். பெயர் தீர்த்தம்மாள். தம்பி வீட்டுச் சாம்பாரில் உப்புப் பார்ப்பதும், தம்பி மனைவி ஜெயபிரியா அடுக்கி வைத்த டப்பாக்களை இடம் மாற்றி வைப்பதும் அவளுடைய காலை நேரக் கடமைகள். போன தை மாதம், ‘ஒரு வாரத்துக்கு’ என்று சொல்லி ஜெயபிரியாவின் புது கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த வாரம் மாசி, பங்குனி என்று வளர்ந்துகொண்டே போனது. ஜெயபிரியா புருஷனை அனுப்பிக் கேட்கச் சொன்னாள். பூபதி போனான், வடையோடு திரும்பினான். மறுபடி போனபோது, அக்கா ஊற வைத்திருந்த அரிசியைத் தானே அரைத்துக் கொடுத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்தான். அன்று சாயங்காலம் ஜெயபிரியா பையைத் தூக்கிக்கொண்டு இண்டூர்ப் பக்கத்திலுள்ள தாய் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அவளைச் சமாதானப்படுத்திக் கூட்டிவர, ஒரு டீ குடிக்கும் நேரம் போதும் என்ற கணக்கில், மாற்றுச் சட்டைகூட எடுக்காமல் பைக்கில் போனான் பூபதி. போன வேளை அப்படி. மாரியம்மன் பண்டிகைக்குக் காப்புக் கட்டுகிற சாயங்காலம். ஊரே கோயிலில் நின்றது. மாமனாரைப் பார்க்கக் கோயிலுக்குப் போனவன், வரிசையில் தள்ளப்பட்டு முன்னால் போய் நின்றான். பூசாரி மஞ்சள் கயிற்றோடு நிமிர்ந்து, “மாப்ள, கைய நீட்டுங்க” என்றார். பூபதி நீட்டினான். கேட்டால் நீட்டுவதுதான் அவன் வழக்கம்.

கயிறு ஏறிய பிறகுதான் மாமியார் ராஜாமணி மெதுவாக விஷயத்தைச் சொன்னார். அந்த ஊர்க் கட்டுப்பாட்டின்படி, கையில் காப்பு ஏறியவர் பண்டிகை முடிந்து அதை அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அடுத்த செவ்வாய்க்கிழமைதான் அவிழ்ப்பார்கள். அதுவரை கறி, மீன் கிடையாது. மாப்பிள்ளைக்கு என்று தனிச் சட்டம் இல்லை. பூபதி திரும்பிப் பார்த்தான். ஊர் முனையில் ரோட்டுக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய பைக் தோரணத்துக்கு இந்தப் பக்கம் நின்றது.

மாமனார் காளியப்பன் வீட்டு ஹாலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டியபோது, நடு ஹாலில் ஒரு சதுரத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னவர் அவர். அந்தச் சதுரத்தில் பழைய சிமெண்ட் தரையும், அதில் ஆழமாகக் கீறிய தாயக்கட்டமும் அப்படியே இருக்கின்றன. சோபா சுவரோரம் ஒண்டிக் கிடக்கும். பண்டிகை வாரத்தில் டிவி ஓடாது, தாயம்தான் ஓடும். காலைப் பலகாரம் முடிந்ததும் உட்கார்ந்தால், சாப்பாட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் எழுந்திருக்கலாம்.

ஆட்டத்துக்கு வழக்கமாக ஐந்து பேர். மாமனார், மாமியார், ஜெயபிரியா, அவள் தம்பி குரு. ஐந்தாவது ஆள் மாமனாரின் சிநேகிதர் மல்லையன். வத்தல்மலையிலிருந்து கேழ்வரகு மூட்டையோடு பண்டிகைக்கு இறங்கி வந்தவர். இப்போது ஆறாவதாகப் பூபதி சிக்கினான். குருவின் டீ-சர்ட்டைப் போட்டுக்கொண்டு, அது ஏற்கெனவே பிடிக்கும் இடங்களில் மேலும் பிடிக்க, சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

முதல் நாளே அவன் ஜெயபிரியாவிடம் ஜாடையாகப் பேச்செடுத்தான். பண்டிகை முடிந்ததும் கிளம்பிவிடலாமே என்றான். அவள் தாயக்கட்டையை உருட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்:

“இந்தக் கட்டத்துல ஒரு காய பழுக்க வையுங்க. பழம் எடுத்தீங்கன்னா பையோட வர்றேன். இல்லன்னா நீங்க மட்டும் போங்க.”

கேட்கச் சின்ன விஷயம்தான். வெளிச்சுற்றை ஒரு தரம் சுற்றி, உட்சுற்றுக்குள் திரும்பி, நடுக்கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த காய்க்குப் பழம் என்று பெயர். சின்னப் பிள்ளைகள் எடுக்கிறார்கள். ஆனால் உள்ளே திரும்ப ஒரு நிபந்தனை உண்டு. எதிராளியின் காய் நிற்கும் கட்டத்தில் தன் காயை இறக்கி, அதை வெட்டி வெளியே அனுப்ப வேண்டும். ஒரு வெட்டுகூட வெட்டாதவனுக்கு உள்ளே அனுமதி இல்லை. அவன் வெளியிலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஜெயபிரியா அவனோடு எட்டு வருடம் குடித்தனம் நடத்தியவள். தெரிந்துதான் சொன்னாள்.

பூபதி யோசித்துப் பார்த்தான். மாமனார் காயை வெட்டுவதாவது, பெண் கொடுத்தவர். மாமியாரை வெட்டலாமா? வேளாவேளைக்குச் சோறு போடுகிறவர். மல்லையன் வயதில் பெரியவர், அதோடு விருந்தாளி. ஜெயபிரியாவை வெட்டினால் வந்த காரியமே கெட்டுவிடும். மிச்சம் இருப்பது மச்சினன் குரு. ஆனால் குருவின் டீ-சர்ட்டைப் போட்டுக்கொண்டு குருவையே வெட்ட எந்த மனசு வரும்?

ஆக, மாப்பிள்ளை சுற்றினான். வெட்டு எதிரே வந்து நின்றால் வேறு காயை நகர்த்தினான். வேறு வழியே இல்லாதபோது, கட்டை சாய்ந்து விழுந்துவிட்டது என்று சொல்லி மறுபடி உருட்டினான். மற்றவர்களுக்கு இந்தத் தயக்கம் எதுவும் இல்லை. ராஜாமணி, “கோவிச்சுக்காதீங்க மாப்ள” என்று ஒவ்வொரு முறையும் மரியாதையாகச் சொல்லிவிட்டு அவனை வெட்டினார். சனிக்கிழமைக்குள் அவன் வெளிச்சுற்றின் ஒவ்வொரு கீறலையும் மனப்பாடம் செய்திருந்தான். தூங்கும்போதும் மூலைக்கு மூலை திரும்பிப் படுத்தான்.

“எங்க மலைக்கு வர்ற பஸ்ஸுகூட இத்தன வளைவு சுத்தாதுங்க மாப்ள” என்றார் மல்லையன்.

மாமனாருக்கே இரக்கம் வந்துவிட்டது. தன் காய் ஒன்றை வேண்டுமென்றே அவன் காய்க்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தி, அது தற்செயல் என்பதுபோல் மேலே மின்விசிறியைப் பார்த்தார். பூபதிக்குச் சரியாக நாலு விழுந்தது. அவன் மாமனாரின் காயை மரியாதையாக விட்டுவிட்டு வேறு காயை எடுத்து வைத்தான். காளியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். அன்று ஜெயபிரியா அவனுக்கு மட்டும் ரசம் ஊற்ற மறந்தாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. சாயங்காலம் காப்பு அவிழ்க்கிறார்கள். அதற்குள் பழம் எடுக்காவிட்டால், பைக்கின் பின் சீட் காலியாகத்தான் மொரப்பூர் போகும். மத்தியானச் சாப்பாட்டு இலை எடுத்த நேரத்தில் வாசலில் ஆட்டோ நின்றது. தீர்த்தம்மாள் இறங்கினாள்.

“என் தம்பிய எத்தன நாளு புடிச்சு வெச்சிருப்பீங்க?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். சம்பந்தி வீட்டார் வாங்க வாங்க என்றார்கள். சாப்பிட்டாள், உப்புப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள், நேராகக் கட்டத்துக்கு வந்து மல்லையனை எழுப்பிவிட்டு அவர் இடத்தில் உட்கார்ந்தாள். புது ஆட்டம் தொடங்கியது.

தீர்த்தம்மாள் இரண்டு கை ஆட்டம் ஆடினாள்: ஒன்று தனக்கு, ஒன்று தம்பிக்கு. பூபதிக்கு என்ன விழுந்தாலும் எந்தக் காயை நகர்த்த வேண்டும் என்று அவளே சொன்னாள். அவனும் அதையே நகர்த்தினான். எதிரே வந்தவர்களை அவள் உறவுமுறை பார்க்காமல் வெட்டித் தள்ளினாள். தன் கடைசிக் காயையும் சுற்றிக் கொண்டுவந்து, உள்ளே திரும்ப இரண்டு கட்டம் இருக்கும்போது நிறுத்தினாள்.

பூபதி உருட்டினான். மூன்று.

அவன் காயிலிருந்து மூன்றாவது கட்டத்தில் அக்காவின் காயான புளியங்கொட்டை உட்கார்ந்திருந்தது. குரு எண்ணிப் பார்த்துவிட்டு, மறுபடி எண்ணினான். சோபாவில் ஒண்டியிருந்த மல்லையன் எழுந்து வந்து நின்றார்.

“டேய் பூபதி, ஓரத்துல இருக்கற காய நவுத்து” என்றாள் தீர்த்தம்மாள், எப்போதும்போல.

பூபதியின் கை ஓரத்துக் காயை நோக்கிப் போனது. அது பழக்கம். போகிற வழியில் ஜெயபிரியாவின் முகம் குறுக்கிட்டது. அவள் அவனைப் பார்க்கவில்லை. தன் முறைக்காகக் கட்டையை எடுக்கக் கையை நீட்டியிருந்தாள். அவன் எந்தக் காயை நகர்த்துவான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இது சேலம் வரை போன ரயிலை ஞாபகப்படுத்தியது. இந்த வண்டியிலிருந்து இறங்காவிட்டால் இனி எங்கேயும் நிற்காது என்று தோன்றியது.

கை திரும்பியது. ஒவ்வொரு கட்டமாகத் தட்டி மூன்று வைத்தான். அக்காவின் புளியங்கொட்டையை இரண்டு விரலால் எடுத்து, ஏதோ சூடான பொருளைப் போல, அவள் முழங்காலருகில் வைத்தான்.

“என்னடா பண்ற? நாந்தாண்டா அது” என்றாள் தீர்த்தம்மாள்.

“தெரியும் அக்கா.” வாய் திறந்ததை வீணாக்கக் கூடாது என்று மிச்சத்தையும் சொல்லிவிட்டான். “அப்பறம் அந்த கிரைண்டரு. போற வழியில எடுத்துக்கறோம்.”

ராஜாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தீர்த்தம்மாள் தன் கொட்டையை வெகுநேரம் உருட்டிப் பார்த்தாள். எழுந்து போய்விடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் ஆட்டம் என்று வந்துவிட்டால் அவள் சட்டம் தவற மாட்டாள்.

“வெட்டுனவன் இன்னொருக்கா போடணும். போடு” என்றாள்.

போட்டான். இரண்டு விழுந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக அவன் காய் உள்ளே திரும்பும் வாசலில் போய் நின்றது. அடுத்த உருட்டிலேயே ஜெயபிரியா அதை வெட்டினாள். தயக்கமே இல்லாமல், சுத்தமாக.

பூபதிக்கு உலகம் இருண்டது. பழமும் இல்லை, காயும் இல்லை. கோயிலிலிருந்து மேளச் சத்தம் வந்தது. காப்பு அவிழ்க்கக் கூப்பிடுகிறார்கள். ஜெயபிரியா எழுந்து உள்ளே போனாள். வரும்போது கையில் பை இருந்தது.

“பழம் எடுக்கலியே” என்றான் அவன், நேர்மையாக.

“வூட்ல எடுத்துக்கலாம். சாக்பீஸ் இருக்குல்ல?”

காப்பை அவிழ்த்துவிட்டு, தோரணத்துக்கு அந்தப் பக்கம் போனதும் பைக்கை ஒரு முறை நிறுத்தி, இரண்டு காலையும் எல்லைக்கு வெளியே ஊன்றி நின்று பார்த்துக்கொண்டான் பூபதி. மொரப்பூரில், ஆட்டோவில் முந்தி வந்திருந்த அக்காவின் வீட்டு வாசலில் ஏறிய கிரைண்டரை ஜெயபிரியா மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது தினமும் சாயங்காலம், பூபதி வீட்டுத் தரையில் சாக்பீஸ் கட்டம் போடப்படுகிறது. தீர்த்தம்மாள் பழி தீர்க்க வருகிறாள், ஊற வைத்த அரிசிக் குண்டானோடு. “அரைச்சுக்குங்க அண்ணி, கிரைண்டரு மட்டும் இங்கயே இருக்கட்டும்” என்கிறாள் ஜெயபிரியா. மாவு அரைபடுகிறது. அக்கா ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமும் வெட்ட, பூபதி வெளிச்சுற்றில் சுற்றிக்கொண்டிருக்கிறான். நடுவில் எழுந்துபோய் மாவு வழிப்பது மட்டும் இன்னமும் அவன்தான்.