தினம் ஒரு ஏரி

அந்தக் கோடையில் பாகூர்ப் பக்கத்தில் எங்களைப் போலப் பல் விளக்கிய பிள்ளைகள் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து இன்னொரு தரம். வேலங்குச்சியைக் கடைவாயில் வைத்து நுனி நாராகும்வரை மெல்ல வேண்டும். வெறுமனே நசுங்கினால் போதாது, பஞ்சாக வேண்டும். ஆனதும் கழுவிக் கொண்டுபோய்ச் சித்தப்பாவிடம் கொடுப்போம். அவர் நுனியை விரலில் தடவிப் பார்த்து, இது மேகத்துக்கு ஆகும், இது புல்லுக்கு ஆகும் என்று பிரித்து வைத்துக்கொள்வார். தேறாததைத் திருப்பிக் கொடுத்து, இன்னும் மெல்லச் சொல்வார். இந்த வயதிலும் நான் முறுக்குக் கடிக்கிறேன் என்றால் அந்தப் புண்ணியம்தான்.

சித்தப்பா படம் எழுதுகிறவர். அப்பாவின் ஒரே தம்பி. வீட்டில் அவருக்கு வைத்திருந்த பெயர் வேறு, அதை இங்கே சொல்ல வேண்டாம். கரும்பு வெட்டுக்கு ஆள் கூட்டிவரப் போனால், வழியில் நிற்கும் எருமையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார். ஆளும் வராது, அவரும் வரமாட்டார். கலியாணம் ஆனால் சரியாகிவிடும் என்று கரையாம்புத்தூரிலிருந்து பெண் எடுத்தார்கள். சித்தி வந்தாள். சித்தப்பா சரியாகவில்லை.

எங்கள் ஊரில் வருஷா வருஷம் ஜூலை பதினாலாம் தேதி பிரெஞ்சுக்காரர்களின் திருநாளுக்கு நாடகம் போடுவார்கள். பகலில் வழுக்கு மரம், சாக்கு ஓட்டம், மிட்டாய். பொழுது சாயும்போது நாடகம். மேடையில் தொங்கவிடப் படம் எழுதின படுதா கடலூரிலிருந்து வாடகைக்கு வரும். கடலூர் இங்கிலீஷ்காரன் சீமை, நாங்கள் பிரெஞ்சுச் சீமை, நடுவில் சுங்கச் சாவடி. அந்தக் கோடைக்கு முந்தின வருஷம் சாவடிக்காரர்கள் சுருட்டி வந்த படுதாவுக்குள் சரக்கு ஏதும் இருக்கிறதா என்று நடுரோட்டில் விரித்துப் பார்த்துவிட்டார்கள். முதல்நாள் மழை பெய்திருந்தது. அன்று மேடையில் தொங்கிய அரண்மனைக்கு இடுப்பளவு சேறு. ராஜா வேஷக்காரர் வெட்கத்தோடே வசனம் பேசினார்.

இந்த வருஷம் சொந்தப் படுதாவே செய்துவிடலாம் என்று மேர் சொன்னார். மேர் என்றால் கொம்யூன் என்கிற எங்கள் ஊர்ச்சபைக்குத் தலைவர், விழாவன்று மூவர்ணப் பட்டை போட்டுக்கொண்டு முன்னால் உட்காருகிறவர். யார் எழுதுவது என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்த அப்பாவுக்கு முகம் போன போக்கைப் பார்த்தவர்கள் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள். தம்பி சொதப்பினால் தலைகுனிய வேண்டியது அண்ணன்தானே.

துணி வந்தது. கெட்டியான காடாத் துணி, மூட்டி அடித்தால் மேடை அகலத்துக்கு இருக்கும். அது ஒன்றுதான், இன்னொன்றுக்கு வழியில்லை. சித்தப்பா அதைத் தொடவே இல்லை. மடித்து மச்சில் வைத்துவிட்டு, ஆலைக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

வெல்லம் காய்ச்சுகிற கொட்டகை அது. கரும்புக் காலம் முடிந்தால் அடுத்த தை வரை எலிகளுக்குத்தான் சொந்தம். மூன்று பக்கம் திறப்பு, ஒரு பக்கம் நீள மண்சுவர். அந்தச் சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு அடித்தார். காலையில் அடுப்பு வாயில் கரியைச் சுரண்டி எடுத்துக்கொள்வார், காவியைக் கரைப்பார், வெள்ளை வேட்டிக்குப் போடுகிற நீலத்தைக் கரைப்பார். எங்கள் வேலங்குச்சிகளை எடுத்துக்கொண்டு எழுத ஆரம்பிப்பார். எங்கள் ஊர் ஏரி, மதகு, கரையில் பனைமரம். சாயங்காலம் அந்த ஏரியின்மேல் சுண்ணாம்பை அடித்து அழித்துவிடுவார். மறுநாள் மறுபடியும் ஏரி. அதற்கு மறுநாளும் ஏரி.

அப்பா ஒருநாள் பார்த்துவிட்டுப் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"ஏண்டா, எழுதறதும் நீ, அழிக்கறதும் நீ. இதுக்கு நீ சும்மாவே குந்தியிருக்கலாமே?"

"தண்ணி வரலண்ணா" என்றார் சித்தப்பா.

ஏரியில் தண்ணீர் வரவில்லை என்று நினைத்து அப்பா மதகைப் பார்க்கப் போய்விட்டார். சித்தப்பா சொன்னது சுவரில் இருந்த தண்ணீரை. அது எவ்வளவு நீலம் பூசினாலும் நீலம் பூசின சுவராகவே இருந்தது.

ஒருநாள் சூரியனுக்கு மஞ்சள் வேண்டுமென்று அடுப்படியிலிருந்து மஞ்சள்தூளை அள்ளிக்கொண்டு போய், காயாத சுண்ணாம்பின்மேல் பூசினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூரியன் ரத்தச் சிவப்பாகி வழிந்தது. சித்தப்பா திகைத்து நின்றார். அப்போது பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் சித்தி. கஞ்சி கொண்டுவந்தவள், தூக்கைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பும் மஞ்சளும் சேர்ந்தால் ஆலாத்தித் தட்டுச் சிவப்பு வரும் என்பது தெரியாத ஆண்பிள்ளையும் உண்டா என்று அவளுக்கு. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் நான் கேட்டேன். அன்றிலிருந்து கஞ்சி கொண்டுவருகிறவள் உடனே திரும்புவதில்லை. சாயங்காலச் சுண்ணாம்பை அவளே குழைத்துக் கொடுக்கவும் ஆரம்பித்தாள்.

பிறகு ஒருநாள் சித்தப்பா என்னைக் கூப்பிட்டு அடுப்பு மேட்டின்மேல் நிற்கச் சொன்னார். மதகின்மேல் நிற்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும், குதிக்கப் போவதாக நினைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு நினைக்கவே வேண்டாம், ஏரியில் குதித்து அடி வாங்குவது என் தினப்படி வேலை. பாவாடையை வாரிச் சொருகிக்கொண்டு நின்றேன். அவர் எழுதினார். அன்று என்ன ஆயிற்றோ தெரியாது, எழுதி முடித்ததும் அவரே நாலடி பின்னால் வந்து வாயைத் திறந்தபடி நின்றார். தண்ணீர் வந்திருந்தது. மதகின்மேல் நான் நின்றேன். என் சப்பை மூக்கு, அவிழ்ந்த பின்னல், காலில் தண்டை, எல்லாம் நானேதான்.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். "டேய், இனிமே இந்தச் செவுத்தத் தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு ஊரைக் கூட்டிவரப் போய்விட்டார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் திருவிழாதான். சுவருக்கு முன்னால் கயிறு கட்டினார்கள். அரியூரிலிருந்தும் நெட்டப்பாக்கத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அம்மா மோர் கொடுத்து அலுத்துப்போனாள். கடைக்கார பாய் தான் கொடுத்த நீலம்தான் அது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். நான் பாவாடையைச் சொருகிக்கொண்டு படத்துக்குப் பக்கத்திலேயே நின்றேன், ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்குச் சௌகரியமாக. ராணிக்குக்கூட அவ்வளவு மரியாதை இருந்திருக்காது.

சித்தப்பாவுக்குத்தான் இடமில்லாமல் போயிற்று. சுவர் இருந்தது, ஆனால் அதில் எழுத முடியாது. மச்சிலிருந்து துணியை இறக்கி எதிர்ப்பக்கம் கட்டினார்கள். சுவரைப் பார்த்துப் பார்த்துக் கரியால் கோடு போட்டார், தட்டி உதறினார், மறுபடி போட்டார். ஒரு மூலையில் தண்ணீர் எழுதிப் பார்த்தார். அது தகரம்போல இருந்தது. குச்சியைக் கீழே போட்டுவிட்டு ஏரிக்கரைக்குப் போனவர் பொழுது போனபிறகு வந்தார். மறுநாளும் அப்படியே. சோறு இறங்கவில்லை அவருக்கு. விழா கிட்டே வந்துகொண்டிருந்தது.

"அதான் அங்க இருக்குதே, அத்தப் பாத்து இங்க எழுத வேண்டியதுதானே?" என்பார் அப்பா.

"அது அங்கயே நின்னுக்கிச்சுண்ணா" என்பார் சித்தப்பா. படுதா இல்லையென்றால் மறுபடி கடலூருக்கு ஆள் அனுப்ப வேண்டும், மேர் முகத்தில் முழிக்க முடியாது. அப்பா மோர் குடிக்க வந்தவர்களிடம் சிரித்துப் பேசிவிட்டு, அவர்கள் போனதும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார்.

ஒருநாள் காலையில் நான் தலை வாரிக்கொண்டு என் இடத்தில் நிற்கப் போனேன். கயிறு கீழே கிடந்தது. சித்தி நுனி நசுக்கிய பனைமட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து ஏரியின்மேல் அடித்துக்கொண்டிருந்தாள். வானம் போய்விட்டது, பனைமரம் போய்விட்டது, தண்ணீர் பாதி போய்விட்டது. மதகும் நானும்தான் மிச்சம். நான் போட்ட கூச்சலில் கொட்டகை எலியெல்லாம் ஓடியிருக்கும். அப்பா ஓடிவந்தார்.

புருஷனின் அண்ணனோடு சித்தி நேருக்கு நேர் பேசமாட்டாள், அது எங்கள் பக்கத்து வழக்கம். நடுவில் ஒரு ஆள் வேண்டும். அன்று நடுவில் இருந்தது நான். சித்தி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"பாப்பா, உங்கப்பாவாண்ட சொல்லு. அது அவரு தம்பி வேல செய்யற செவுரு. கும்புடற செவுரு இல்ல."

எல்லாம் அப்பா காதில் விழுந்தது. ஆனாலும் நான் சொல்லியாக வேண்டும். தேம்பிக்கொண்டே சொன்னேன்.

"ஊரே வந்து பாத்துட்டுப் போவுது, அத்தப் போயி அழிக்கலாமான்னு கேளு" என்றார் அப்பா.

கேட்டேன்.

"நேத்து சோறு நல்லா பொங்குச்சேன்னு பானையக் கழுவாம வெச்சிருந்தா, இன்னிக்கி எதுல பொங்கறதுன்னு கேளு."

என் படத்தை அழிப்பதற்கு நானே வாதாட வேண்டியிருந்தது. பானையையும் சோற்றையும் சொல்லி முடித்தபோது எனக்கு மூக்கெல்லாம் ஒழுகியது. அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நானு?" என்று நான் என் கட்சியைப் பேசினேன். சித்தி தூணுக்குப் பின்னாலிருந்து வந்து என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவள் கையெல்லாம் சுண்ணாம்பு என்பது அவளுக்கு நினைவில்லை.

சித்தப்பா ஏரிக்கரையிலிருந்து வந்தது அப்போதுதான். வெள்ளைச் சுவரைப் பார்த்தார். வெள்ளை முகத்தோடு அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. தன் படம் அழிந்ததற்கு ஒரு மனிதர் இப்படிச் சிரிப்பாரா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சித்தி கையிலிருந்த மட்டையை வாங்கிக்கொண்டு, "நீ கண்ண மூடிக்கடி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மிச்சமிருந்த என்னை அவரே அடித்து முடித்தார். நான் கண்ணை மூடவில்லை.

சுண்ணாம்பு காய்ந்தும் காயாமலும் இருக்கும்போதே எழுதத் தொடங்கிவிட்டார். மறுநாள் அப்பா யாரிடமும் சொல்லாமல் வண்டி கட்டிப் போய்க் கிளிஞ்சல் மூட்டை வாங்கி வந்து கொட்டகையில் இறக்கினார். நாங்கள் மறுபடி குச்சி மென்றோம். நான் கோபத்தோடு மென்றேன். சுவரில் ஏரி வந்தது, போனது, வந்தது. பிறகு ஒருநாள் அவர் துணிப்பக்கம் திரும்பினார், துணியில் வண்ணம் ஒட்ட வேப்பம்பிசினைக் கரைத்தார். முடிகிறவரை யாரும் பார்க்கக் கூடாதென்று சொல்லிவிட்டார். அப்பா கட்டிலைப் போட்டுக் காவல் இருந்தார்.

விழாவன்று மேளம் முழங்க மேடையில் படுதாவை அவிழ்த்துவிட்டார்கள். எங்கள் ஏரி இறங்கி வந்து நின்றது. சாயங்கால வானம் முழுக்கச் சித்தியின் ஆலாத்திச் சிவப்பு. தகரம்போல இருந்த மூலை கரைமேடாகிவிட்டிருந்தது. தண்ணீர் என்றால் தண்ணீர், முன்னால் இருந்தவர்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். நான் மதகைத் தேடினேன். மதகு இருந்தது, அதன்மேல் யாரும் இல்லை. கீழே தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை, அதன் நடுவே தண்டை போட்ட இரண்டு உள்ளங்கால்கள்.

மேர் பட்டையோடு எழுந்துவிட்டார். "ஐயோ, யாராவது புள்ளையத் தூக்குங்கப்பா!" என்று அவர் கத்தியதும் ஊரே சிரித்தது, அப்புறம் அவரும் சிரித்தார். அப்பா தன் பக்கத்தில் இருந்தவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அது யார் கால் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும் பொறுக்கவில்லை. கூட்டத்தில் நுழைந்து சித்தப்பாவிடம் போய், என் மூஞ்சி எங்கே என்று சண்டை பிடித்தேன்.

"குதிச்சிட்ட இல்ல? உள்ள இருக்கற. மேல வந்தா தெரியும்" என்றார்.

நாடகம் நடந்த நேரமெல்லாம் நான் கதையைப் பார்க்கவில்லை. படுதா ஒவ்வொரு தரம் இறங்கும்போதும் மேலே வந்துவிட்டேனா என்று பார்த்தேன். சித்தப்பாவோ படுதாவைப் பார்க்கவே இல்லை. ஆட்கள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள், எல்லோருக்கும் தலையாட்டினார். கூட்டம் கொஞ்சம் விலகியதும் சித்தியின் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்.

"நாளைக்குச் செவுத்துக்குச் சுண்ணாம்பு இருக்குதா?"

"ஊற வெச்சிட்டுத்தான் வந்தேன்" என்றாள் சித்தி.

படுதாதான் முடிந்துவிட்டதே, இனிமேல் எதற்குச் சுண்ணாம்பு என்று நான் கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மறுநாள் காலையில் சித்தப்பா என் கையில் ஒரு வேலங்குச்சியைக் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனார். வேலைதான் முடிந்ததே, பல் விளக்கத்தான் கொடுக்கிறார் என்று நினைத்து, நன்றாக விளக்கிவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டேன்.