மணையிலிருந்து எழுந்து போனவள்

போன மாதம் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். என் கொழுந்தனார் மகள் செல்வராணிக்கு. ஆவுடையார்கோவில் பக்கம் அவள் மாமியார் ஊர். வாசலில் பந்தல், ஸ்பீக்கரில் பாட்டு, வகைவகையாகச் சாதம்... எல்லாம் தயார். மாப்பிள்ளை கத்தாரில். வீடியோ காலில் ஆஜர்!

மணையில் உட்கார்ந்திருந்தவள் முகம் மட்டும் சரியில்லை. கண்ணைச் சுற்றி வீக்கம். கிட்டே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பெரியம்மா, காலையிலேருந்து மண்டை பொளக்குது. இப்ப கண்ணும் மங்கலாத் தெரியுது. இப்படி இருந்தா ஒடனே வரணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க.”

காலையிலேயே மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் தைலம் தேய்த்துவிட்டு, பட்டுப்புடவையைக் கட்டி உட்காரவைத்துவிட்டார். கெட்டவர் இல்லை. மருமகளுக்குப் பிடித்ததைப் பார்த்துப் பார்த்துச் சமைத்தவர்தான். ஆனால் ஊரே வந்து உட்கார்ந்திருக்கிறதே... நல்ல நேரம் போய்விடுமே! வளையல் அடுக்கும்வரை செத்த பொறுத்துக்கொள் ஆத்தா என்று கெஞ்சினார்.

நாங்களெல்லாம் பிள்ளை பெறவில்லையா, என்று கூட்டத்தில் ஒரு குரல். பெற்றீர்கள்தான். பிரசவத்தில் போய்ச் சேர்ந்தவர்கள் வந்து பதில் சொல்ல முடியாதே?

போனில் மாப்பிள்ளையும், அம்மா சொல்வதைக் கேள், கொஞ்ச நேரம்தானே என்றார்.

செல்வராணி மாலையைக் கழற்றி மணையில் வைத்தாள். சுவரைப் பிடித்து எழுந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

“வலிக்கிறது என் தலை. நான் போறேன். பெரியம்மா, காரை எடுங்க.”

எடுத்தேன். பின் சீட்டில் அவளை ஏற்றிக் கதவைச் சாத்தப் போனால், சந்தனக் கையோடு ஓடிவந்து பக்கத்தில் ஏறிக்கொண்டார் மாமியார். செருப்புகூடப் போடவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் பி.பி. பார்த்தார். மறுபடி பார்த்தார். டாக்டரைக் கூப்பிட ஓடினார். வலிப்பு வராமல் இருக்க ஊசி போட்டு, 108 ஆம்புலன்ஸில் புதுக்கோட்டைக்கு அனுப்பிவைத்தார்கள். வழியெல்லாம் மாமியார் அவள் காலைத் தன் மடியிலிருந்து இறக்கவில்லை.

அன்று சாயங்காலமே ஆபரேஷன். பெண் குழந்தை. நாள் முந்திப் பிறந்ததால் உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தது. பச்சிளம் குழந்தைகள் வார்டில் வைத்துத் தேற்றினார்கள். வீட்டிலேயே வலிப்பு வந்திருந்தால் இரண்டு உயிருக்கும் உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்பிவிட்டார்கள். போன வாரம் பார்க்கப் போனேன். உறவுக்கார அம்மா ஒருவர் காபி குடித்தபடி ஆரம்பித்தார். மணையிலிருந்து பாதியில் எழுந்தது சாங்கியக் குறைதானாம்.

பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த செல்வராணி நிமிர்ந்து பார்த்தாள்.

“சாங்கியம் கொறஞ்சா பரிகாரம் பண்ணிக்கலாங்க. நான் கொறஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

மாமியார் வந்து அந்த அம்மாவின் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போனார்.

மாசமாக இருப்பவள், ‘எனக்கு என்னவோ சரியில்லை’ என்றால் நம்புங்கள். நம்ப முடியவில்லையா... வழியையாவது விடுங்கள்!