தர்மபுரியில் சாத்திய கதவு

நேற்று ராயக்கோட்டைச் சந்தையில் ஒருவர் தண்டவாளத் துண்டின் மேல் வைத்து மாட்டு லாடம் தட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் என்னை, இரண்டாம் உலகச் சண்டையில் வெள்ளைக்காரன் தண்டவாளத்தோடு பெயர்த்துக்கொண்டு போன எங்கள் சின்ன ரயிலுக்குள் கொண்டுபோய்த் தள்ளியது.

அது முதல் உலகச் சண்டைக் காலம். பட்டாளத்துக்கென்று வண்டிகளைக் குறைத்துவிட்டதால், அப்பாவும் சித்தப்பாவும் வேலை பார்த்த கோலார் தங்கச் சுரங்கத்திலிருந்து பொங்கலுக்கு ராயக்கோட்டை திரும்பும் எங்களைப் போன்றவர்களுக்கு இருந்தது ஒரே வண்டி. கரிப்புகையும் வேர்வையும் வசவும் நிறைந்த அந்தப் பெட்டியில் ஏறியவனுக்கு ஏறாதவன் பகையாளி. தர்மபுரியில் பாதிப்பேர் இறங்கினார்கள். எனக்குத் தண்ணீர் பிடிக்கச் சித்தப்பாவும் இறங்கினார். புதுக்கூட்டம் பாய்ந்து வரவே, அப்பா கதவைச் சாத்தி முதுகை முட்டுக்கொடுத்து நின்றார்.

"தொறடா! உங்கப்பன் வூட்டு வண்டியா?" என்று வெளியே உதைத்தார்கள்.

உதைகளுக்கு நடுவே மூன்று தட்டு. சற்று விட்டு மறுபடி மூன்று. சுரங்கத்துக்குள் ஏற்றி இறக்கும் கூண்டில் ஆள் ஏறுகிறது என்று மணி அடிக்கும் கணக்கு அது. கேட்டதும் சித்தப்பா என்று எனக்கே தெரிந்தது.

"உங்க தம்பிதாங்க, தொறங்க," என்றாள் அம்மா.

"தொறந்தா அத்தினி பேரும் பூந்துருவானுங்க. சும்மா கெடடி."

வண்டி நகரும்வரை தட்டு நிற்கவில்லை.

மறுநாள், பொங்கல் பானையை இறக்கி வெகுநேரம் கழித்து, சித்தப்பா தண்டவாளத்தோரமாகவே நடந்து வந்து சேர்ந்தார்.

"வாடா, கை கால் கழுவிட்டுச் சாப்புடு," என்றார் அப்பா.

சித்தப்பா அவர் பக்கம் திரும்பவில்லை.

"அண்ணி, உள்ள எடம் இருந்துச்சா?"

அம்மா அவருக்கு இலையைப் போட்டாள். நான் வண்டிப் பலகையில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டுதான் ஊர் வந்திருந்தேன்.